‘ஃபோர்த் விங்’ நாவலும் நம் பிள்ளைகள் கேட்காத கேள்வியும்



சென்ற மாதம் நம் பாடகர் குழுப் பிள்ளை ஒருத்தி தடித்த நாவல் ஒன்றை என் கையில் தந்து, “ஃபாதர், இதை வாசிச்சா உங்களுக்கு நித்திரையே வராது” என்றாள். அதே வாரம் தாய்மார் இருவர் வந்து, அந்நூலைப் பிள்ளைகளுக்குத் தடைசெய்ய வேண்டுமா என வினவினர். ஆகவே இத்தாலிய மொழிபெயர்ப்பை முழுவதும் வாசித்தேன். நித்திரை நன்றாகவே வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸ் 2023இல் வெளியிட்ட ‘ஃபோர்த் விங்’ என்பதே அந்நூல். டிராகன்கள் மீதேறிப் போர்புரியப் பயிற்றும் கல்லூரியும், அங்கே மலரும் காதலுமே கதை. இத்தொடரின் மூன்றாம் பாகம் 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 இலட்சம் பிரதிகள் விற்றது.

மாயக்கதை என்பதற்காகவோ காதற்கதை என்பதற்காகவோ நான் குறைகூறவில்லை. இனிமைமிகு பாடலைத் தன் மறைநூலில் வைத்துப் போற்றும் திருச்சபை காதலுக்குப் பகை அன்று. நாம் வாழும் பலெர்மோவின் பாவைக்கூத்திலும் காதலால் அறிவிழந்த ஒர்லாந்தோவைக் காண்கிறோம். அவ்வறிவை மீட்க நண்பன் சந்திரனுக்கே செல்கிறான். காதலுக்கு விலையுண்டு என்பதை அந்தப் பழங்கதை அறிந்திருந்தது. இந்நாவலின் படுக்கையறைக் காட்சிகள் பள்ளிச் சிறாருக்கு உரியன அல்ல என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

என் ஏமாற்றம் வேறிடத்தில் உள்ளது. இக்கதையில் ஒரு கிளர்ச்சி தோற்கடிக்கப்படுகிறது, தலைவர்கள் கொல்லப்படுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் உடலில் அடையாளம் பொறிக்கப்பட்டு, கொன்ற அரசின் படையிலேயே சேர்க்கப்படுகின்றனர். அவர்கள் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுகூடுதல் குற்றம். கிளர்ச்சித் தலைவனின் மகன் ஸேடன்; அத்தலைவனின் மரண தண்டனைக்குப் பொறுப்பான தளபதியின் மகள் வயலட். இவ்விருவரே காதலர். அரசு தன் வரலாற்றிலிருந்து உண்மைகளை அழித்துவிட்டது என்பதும் இறுதியில் தெரியவருகிறது.

இவற்றை வாசித்தபோது என் கை நடுங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததையும், அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர்நீத்ததையும் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். வென்றவரின் மகளும் தோற்றவரின் மகனும் எவ்வாறு ஒருவரையொருவர் முகம்நோக்குவர்? உண்மை சொல்லப்படாமல் மன்னிப்பு உண்டாகுமா? ஆசிரியர் இக்கேள்வியின் வாசலை அடைகிறார்; உள்ளே செல்லவில்லை. அதைத் தொடும் உரையாடல் எல்லாம் விரைந்து முடிகிறது. அடுத்து வாளோ முத்தமோ வந்துவிடுகிறது. கொலையுண்ட தந்தையின் துயரம் நாயகனின் அழகைக் கூட்டும் அணிகலனாகச் சிறுத்துப்போகிறது. உடல் ஈர்ப்பு பகையை மறக்கச் செய்யலாம். ஒப்புரவை அது உண்டாக்காது. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் செவிமடுத்த எனக்கு இது தெரியும்.

எனினும் நூலைத் தடைசெய்க என்று வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்லப்போவதில்லை. நூலைத் திருப்பிக் கொடுத்தபோது அப்பிள்ளையிடம், “இதில் வரும் கிளர்ச்சியாளரின் பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது உனக்கு யாருடைய நினைவும் வரவில்லையா?” என்று கேட்டேன். “இல்லை, ஃபாதர். ஏன்?” என்றாள். அப்போதுதான் என் ஏமாற்றத்தின் பாதி நாவலுக்கு உரியதன்று என உணர்ந்தேன்.

பகலெல்லாம் பிறர் வீடுகளில் உழைத்து, இரவில் பல்லரோச் சந்தையைக் கடந்து வீடு திரும்பும் பெற்றோரே, பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதென்று நாம் காத்த மௌனத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் நாம் சொல்லாத கதையின் இடத்தில் டிராகன்கள் வந்து அமர்ந்துவிட்டன. இந்த ஞாயிறு உணவு வேளையில் ஒரு கதையேனும் சொல்லுங்கள்: யார் இருந்தார், எப்படி இருந்தார், எவ்வாறு இழந்தோம். வெறுப்பின்றிச் சொல்லுங்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை