காபி விலையும் என் மூணு லட்சமும்

முதல்லயே ஒரு டிஸ்கி. இந்த விஷயத்துல நான் நடுநிலையான ஆள் கிடையாது. ஜெயநகர் பக்கம் ஒரு சின்ன காபிக் கடையில என்னோட மூணு லட்ச ரூபாய் உட்கார்ந்திருக்கு. கடை என் கல்லூரி நண்பனோடது. பதினெட்டு வருஷம் பொட்டி தட்டிட்டு, ஒரு நாள் ராஜினாமா கடிதம் கொடுத்துட்டு வந்து "மச்சி, கஃபே போடப் போறேன்"னான். நல்ல புத்தி சொல்லுவேன்னு நினைச்சுத்தான் என்கிட்ட வந்திருப்பான். நான் செக் புத்தகத்தை எடுத்தேன். தங்கமணி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறது வேற விஷயம்.

ஏன் எடுத்தேன்னா, நான் பட்டிவீரன்பட்டிக்காரன். திண்டுக்கல் மாவட்டத்துக்கு வெளிய இந்த ஊர்ப் பேரைச் சொன்னா பாதிப் பேர் சிரிப்பாங்க, மீதிப் பேர் நான் கதை விடுறேன்னு நினைப்பாங்க. ஆனா காபி வியாபாரம் தெரிஞ்சவங்க சிரிக்க மாட்டாங்க. தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலையில விளையற காபி இறங்கி வர்ற ஊர் அது. அப்பா ஒரு க்யூரிங் கம்பெனியில கணக்கு எழுதினார். களத்துல காயற கொட்டை, வரிசையா உட்கார்ந்து கருப்புக் கொட்டையைப் பொறுக்கிப் போடுற அக்காங்க, சாக்கு மூட்டை வாசம் இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியே தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2025 பிப்ரவரியில நியூயார்க் சந்தையில அராபிகா ஒரு பவுண்டு நாலு டாலரைத் தாண்டுச்சு. அதுக்கு முன்னாடி இருந்த உச்சம் 1977ல, மூணு டாலர் சொச்சம். (பணவீக்கத்தைக் கணக்குல எடுத்தா 1977 விலை பக்கத்துல கூட வர முடியாது, அது வேற.) லண்டன்ல ரோபஸ்டா 2024 செப்டம்பர்லயே டன்னுக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல போயிடுச்சு. பிரேசில்ல வறட்சி, வியட்நாம்ல வறட்சி, அங்க இருக்கிற விவசாயி காபியை வெட்டிட்டு துரியன் பழம் போட்டது, எல்லாம் சேர்ந்து வந்தது. 2025 ஆகஸ்டுல அமெரிக்கா பிரேசில் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டு இன்னொரு ஆட்டம் காட்டிட்டு, நவம்பர்ல காபிக்கும் வேற சில பொருளுக்கும் எடுத்துச்சு.

அந்த நேரத்துல பெங்களூர்ல எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே பேச்சு. "இனிமே இந்த கஃபே எல்லாம் காலி. இப்பவே கப்பு இருநூறு, இனி முன்னூறு ஆக்குவான், எவன் போவான்?" அபார்ட்மென்ட் வாட்சப் குழுவுல இருந்து ஆபீஸ் லிஃப்ட் வரைக்கும் இதே ஜோசியம்தான். எனக்கு மூணு லட்சம் கண்ணு முன்னாடி வந்து போச்சு. சரி, அப்பா புள்ளையா கணக்குப் போட்டுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

அம்பது கிலோ பார்ச்மென்ட் மூட்டை. தொலி நீக்கினா ஏறக்குறைய நாற்பது கிலோ. வறுத்தா எடை இன்னும் குறையும், முப்பத்திமூணு கிலோ தேறும்னு வைங்க. மூட்டைக்குப் பத்தாயிரம் ரூபாய் ஏறுச்சுன்னா (2024 ஆரம்பத்துக்கும் 2025 பிப்ரவரிக்கும் நடுவுல அந்த அளவுக்கு ஏறத்தான் செஞ்சது), வறுத்த காபி கிலோவுக்கு முன்னூறு ரூபாய் கூடுது. ஒரு கப்புச்சீனோவுக்கு நண்பன் போடுறது 18 கிராம். அதாவது கப்புக்கு அஞ்சு ரூபாய் நாற்பது காசு. 2025 ஏப்ரல்ல நந்தினி பால் லிட்டருக்கு நாலு ரூபாய் ஏறினதையும் சேர்த்தா ஆறு ரூபாய். நண்பன் விக்கிறது 180 ரூபாய்க்கு.

ஆறு ரூபாய்! இதுக்கா இத்தனை ஒப்பாரி?

அந்த 180ல நாம குடிக்கிறது பெரும்பாலும் வாடகைதான் மக்களே. வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஓட்டல்காரன் நம்மகிட்ட வாங்குறது 5 சதவீதம், ஆனா வாடகைக்குக் கட்டின வரியை அதுல கழிச்சுக்க முடியாது. அப்புறம் ஏசி, வைஃபை, ஒரு லாட்டேயை வாங்கி வச்சுட்டு மூணு மணி நேரம் ஸ்டாண்ட்-அப் கால் பேசுற என்னை மாதிரி ஆணி பிடுங்கிகள். 1996ல பிரிகேட் ரோட்டுல முதல் காபி டே திறந்தப்போ அவங்க வித்ததும் காபியோட சேர்த்து ஒரு மணி நேர இன்டர்நெட். அந்தக் கம்பெனி பின்னாடி பட்ட பாடு கடனால, கொட்டை விலையால இல்ல. இந்த ஊர்ல கஃபேன்னா இடத்தை மணிக்கணக்குல வாடகைக்கு விடுற தொழில், காபி அதுக்கு ரசீது.

நிஜமா அடி விழுந்தது தர்ஷினிக்குத்தான். நின்னுக்கிட்டே குடிக்கிற அந்தச் சின்ன டம்ளர் காபி. பதினஞ்சு ரூபாய்க்கு விக்கிறவனுக்குத் தூள் கிலோவுக்கு இருநூறு ஏறினா டம்ளருக்கு ஒண்ணரை ரூபாய்க்கு மேல போகுது. அவனோட லாபமே அதுதான். ரெண்டு ரூபாய் ஏத்தினா பத்திரிகையில முதல் பக்கச் செய்தி. நூத்தியெண்பதை இருநூத்திப் பத்து ஆக்குறப்போ ஒருத்தரும் மூச்சு விடமாட்டோம், பதினஞ்சைப் பதினெட்டு ஆக்கினா மட்டும் நமக்கு ஏழைகள் ஞாபகம் வந்துடும்.

அதனால அவன் என்ன செய்வான்? விலையை ஏத்த மாட்டான், சிக்கரியை ஏத்துவான். 80:20 சத்தமில்லாம 70:30 ஆகும், அப்புறம் 60:40. சட்டப்படி 49 சதவீதம் வரைக்கும் போகலாம், பாக்கெட்ல போட்டிருக்கணும் அவ்வளவுதான். சில்லறையா அரைச்சுத் தர்ற கடையில யார் பாக்கெட்டைப் பார்க்கிறது? எனக்கு சிக்கரி மேல வன்மம் எல்லாம் கிடையாது. எங்க வீட்டுல எப்பவும் 80:20 தான், சிக்கரி இல்லாத ஃபில்டர் காபி எனக்கு ஏதோ குறையுற மாதிரி இருக்கும். ஆனா நான் எண்பதுக்குக் காசு கொடுத்துட்டு அறுபதைக் குடிக்கிறேன்னா அது வேற பேச்சு. ஊருக்குப் போறப்பல்லாம் ரெண்டு கிலோ தூள் கட்டிக்கிட்டு வர்றவங்க, சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் சூட்கேஸ்ல அடுக்குறவங்க, அடுத்த தடவை கடையில நின்னு, கொட்டையை எடை போடுறதையும் சிக்கரியை எடை போடுறதையும் கண்ணால பார்த்துட்டு வாங்க. "ஏன் காபி முன்ன மாதிரி இல்ல"ன்னு அம்மா கையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி.

சரி, கப்புக்கு ஆறு ரூபாய்தான்னா நண்பன் ஏன் தூங்கல? அதை அவன்கிட்டயே கேட்டேன். அப்பதான் என் கணக்குல ஓட்டை இருந்தது தெரிஞ்சது.

நம்ம ஊர்ல காபி வருஷத்துக்கு ஒரு தடவை. நவம்பர்ல ஆரம்பிச்சா மார்ச்சுக்குள்ள முடிஞ்சிடும். நல்ல சரக்கு வேணும்னா அப்பவே வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி வச்சுக்கணும். இவன் சிக்மகளூர் பக்கம் ஒரு சின்ன தோட்டக்காரர்கிட்ட இருபது மூட்டை வாங்குறவன். மூட்டைக்குப் பத்தாயிரம் கூடினா ரெண்டு லட்சம் ரூபாய் கையில இருந்து முதல்லயே போகணும். அது கப்புக்கு ஆறு ரூபாயா திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். பெரிய சங்கிலிக் கடைகளுக்கு முதலீட்டாளர் பணம் இருக்கு. இவனுக்கு நான் இருக்கேன். விளங்கிடும்!

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொண்ணு. மூணு வருஷமா அந்தத் தோட்டக்காரருக்கும் இவனுக்கும் ஒரு வாய்வார்த்தை ஒப்பந்தம். பழுத்த பழத்தை மட்டும் பறிக்கணும், தரையில போடாம மேடையில காய வைக்கணும், அதுக்காகச் சந்தை விலைக்கு மேல மூட்டைக்கு மூவாயிரம். சந்தை தூங்கிக்கிட்டு இருந்தப்போ அந்த மூவாயிரம் அவருக்குப் பெரிய விஷயம். இப்ப வியாபாரி பணத்தோட வாசலுக்கே வர்றான். பச்சை, செங்காய், பழம் எதையும் பார்க்கல, "இருக்கிறதைக் கொடுங்க". நம்ம நாட்டுக் காபியில மூணுல ரெண்டு பங்குக்கு மேல கப்பல் ஏறுது, அதிகம் வாங்குறது இத்தாலிக்காரன். இத்தாலிக்காரனோட போட்டி போட்டு ஜெயநகர்ல இருக்கிற இவன் வாங்கணும். தோட்டக்காரருக்கோ பறிக்க ஆள் கிடைக்கல, அஸ்ஸாம்ல இருந்து வர்றவங்களை நம்பித்தான் பொழப்பு. ஒரே செடியை மூணு நாலு தடவை சுத்தி வந்து பழத்தை மட்டும் பறிக்க அவர் ஏன் கூலி கொடுக்கணும்?

விலை ஏறினா ஸ்பெஷாலிட்டி கஃபேக்கு வர்ற ஆபத்து இதுதான்னு நான் நினைக்கிறேன். வாடிக்கையாளர் போயிட மாட்டார், சரக்குல இருக்கிற கவனம் போயிடும். அது போனா இருநூறு ரூபாய்க்கு என்னதான் விக்கிறது, நாற்காலியா?

அதுக்காகத் தோட்டக்காரரைப் பேராசைக்காரர்னு நண்பன் சொன்னப்போ எனக்குச் சுருக்குனு கோவம் வந்துடுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பா காலத்துல விளைஞ்ச காபியை எல்லாம் காபி போர்டுகிட்டயே ஒப்படைக்கணும். பணம் தவணை தவணையா வரும், கடைசித் தவணை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. 1992ல கொஞ்சம் தளர்த்தி, 1996ல முழுசா விட்டாங்க. 1994ல பிரேசில்ல பனி விழுந்து காபி கருகினப்போ எங்க ஊர்ல தீபாவளிக்குப் பட்டுப் புடவை வித்துச்சு. "எங்கயோ ஒருத்தன் வயிறு எரியுது, நம்ம வீட்டுல விளக்கு எரியுது"ன்னு அப்பா சொன்னார். அதுல சந்தோஷம் பாதி, பயம் பாதி.

பயம் நியாயம்தான். ஏற்கெனவே 1989ல உலக காபி ஒப்பந்தத்தோட ஒதுக்கீட்டு முறை உடைஞ்சு போச்சு. அப்புறம் வியட்நாம் விளைச்சல் கொட்டுச்சு. 2001ல அராபிகா பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழ. குடகுலயும் வயநாட்டுலயும் விவசாயிங்க செத்தாங்க. எங்க ஊர்ல கொட்டை பொறுக்கின அக்காங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வேலை. நான் அப்பதான் பெங்களூர் வந்து எம்.ஜி. ரோடு காபி ஹவுஸ்ல உட்கார்ந்து வேலை தேடிக்கிட்டு இருந்தேன். (அந்தக் கடை 2009ல சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போயிடுச்சு.) கொட்டை விலை அவ்வளவு விழுந்தும் அங்க டம்ளர் விலை ஒரு பைசா இறங்கலைங்கிறது இப்பதான் உறைக்குது. அன்னிக்கு இறங்காத விலைக்கு நாம யாரும் கேள்வி கேட்கல. இருபத்தி நாலு வருஷம் கழிச்சு விவசாயி கையில நாலு காசு பார்த்தா மட்டும் நமக்கு நெஞ்சு அடைக்குது.

நான் அவன்கூட ஒரு தடவை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பெரியவர் ஏலக்காய் போட்ட காபி கொடுத்தார். "பேங்க் கடன் தீந்து போச்சு, முப்பது வருஷத்துல முதல் தடவை"ன்னு கன்னடத்துல சொன்னார். நண்பன் பேரம் பேசப் போனவன், காபியைக் குடிச்சுட்டு வாயைத் திறக்காம வந்தான். வர்ற வழி முழுக்க, ஹாசன் தாண்டுற வரைக்கும் பேசல. அப்புறம்தான் மெதுவா ஆரம்பிச்சான்.

"மச்சி, எஸ்பிரெஸோ கலவையில முப்பது பெர்சன்ட் ரோபஸ்டா போட்டா யாருக்கும் தெரியாது. போர்டுல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்."

போர்டுல இருக்கிறது "நூறு சதவீதம் அராபிகா".

"டேய், அப்ப நீயும் 60:40 கடைக்காரனும் ஒண்ணுதானே"ன்னேன். அவன் வண்டியை ஓரம் கட்டிட்டு என்னைத் திட்டின திட்டு எதையும் இங்க எழுத முடியாது. உன் பணத்தை எடுத்துக்கிட்டுப் போன்னும் சொன்னான். சொன்ன உடனே ரெண்டு பேருக்கும் தெரியும், எடுக்கறதுக்கு அங்க பணம் இல்லன்னு.

என் கருத்து இதுதான். ரோபஸ்டா போடு, தப்பே இல்ல. நம்ம நாட்டுல விளையறதுல பத்துல ஏழு பங்கு அதுதான். 'காபி ராயல்'னு நல்லாப் பதப்படுத்தின ரோபஸ்டா நம்ம ஊர்ச் சொத்து. நம்ம ஃபில்டர்ல அது இல்லாம டிகாக்ஷனுக்குக் கனம் வருமா? ஆனா எழுதிப் போட்டுட்டுப் போடு. விலை ஏத்தணும்னா ஏத்து, பதினஞ்சு ரூபாய் ஏத்து, ஏன்னு கேட்டா பெரியவரோட மூட்டை விலையைச் சொல்லு. கேட்டுட்டு எழுந்து போறவன் போகட்டும்.

பத்து நாள் பேசல. அப்புறம் ஒரு சனிக்கிழமை போனேன். போர்டுல "70 அராபிகா, 30 ரோபஸ்டா"ன்னு சாக்பீஸ்ல இருந்தது. கப்புச்சீனோ 195. கடையில எனக்கு முன்னாடி இருந்தது ரெண்டே டேபிள். வழக்கமா மடிக்கணினியோட வர்ற ஒரு தம்பி போர்டைப் படிச்சுட்டு, "ரோபஸ்டாவா?"ன்னு முகத்தைச் சுளிச்சுட்டுப் போயிட்டானாம். எழுபது வயசு மாமி ஒருத்தங்க குடிச்சுட்டு "இப்பதான் காபி மாதிரி இருக்கு"ன்னாங்களாம். மாமி மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க, தம்பி தினம் வந்தவன். நண்பன் இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், ஆனா கல்லாவைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

அடுத்த பருவத்துக்குப் பெரியவர்கிட்ட முன்பணம் கொடுக்கணும். பழம் மட்டும் பறிச்சுத் தர்றதா திரும்பவும் ஒத்துக்கிட்டார், ஆனா மூவாயிரம் இல்ல, ஐயாயிரம், பாதிப் பணம் நவம்பர்லயே. நியாயமான விலைன்னுதான் நினைக்கிறேன். அதுல என் பங்கு ஒரு லட்சம். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லல. இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் எழுதுறேன் :-)