அபி அழுததா குற்றம்?

‘கோலங்கள்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகி அபி பெண்களுக்குப் பொறுத்துப்போகச் சொல்லிக்கொடுத்தாளாம். தொடரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா? பொறுத்துப்போகிறவள் கணவன் பாஸ்கரை விட்டு ஏன் விலகினாள்? கட்டுமானத் தொழிலில் இறங்கி வில்லன் ஆதியோடு ஏன் மல்லுக்கட்டினாள்? அபியாக நடித்த தேவயானி அழுதார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் சைட்டுக்கும் போனார். தொல்காப்பியனோடு அபிக்கு இருந்த நட்பு ஒன்று போதும். மணமான பெண்ணுக்கு ஆண் நண்பன் இருப்பதை இரவு ஒன்பது மணிக்கு மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

குறை சொல்ல வேண்டுமென்றால் இழுவையைச் சொல்லுங்கள். 2003இல் தொடங்கி 2009 வரை, 1,500 எபிசோடுகளுக்கு மேல்! ஆதியின் சதி ஒன்று முடிவதற்குள் அடுத்தது. (பின்னணி இசையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) அந்தக் கணக்கை இயக்குநர் திருச்செல்வத்திடமும் சேனலிடமும் கேளுங்கள், அபியிடம் கேட்காதீர்கள்.