குருமடத்தின் அடுப்பு அணையலாகாது

நாட்டில் பஞ்சம் நிலவிய வேளையில் இறைவாக்கினர் எலிசா கில்காலுக்குத் திரும்பி வந்ததை அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. இறைவாக்கினர் குழுவினர் அவர் முன் அமர்ந்திருந்தனர். பஞ்சத்தைக் காரணங்காட்டி அவர் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பெரிய பானையை அடுப்பிலேற்றி அவர்களுக்கு உணவு சமைக்கும்படி பணியாளரைப் பணித்தார். கீரை பறிக்கச் சென்ற ஒருவர் இன்னதென்று அறியாமல் காட்டுக்காய்களைக் கொணர்ந்து பானையிலிட, உணவு நஞ்சாயிற்று. எலிசா மாவை இட்டு அதனைச் சீர்ப்படுத்தினார். பின்னர் பாகால் சாலிசாவைச் சேர்ந்த ஒருவர் தம் விளைச்சலின் முதற்பலனிலிருந்து இருபது வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவந்தார். நூறு பேர் உண்ட பின்னும் மீதி இருந்தது.

இறைப்பணிக்கு ஆட்களை உருவாக்கும் இல்லம் நெருக்கடியில் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதற்கு இப்பகுதி ஒரு தெளிவான பாடம். இன்றைய நம் நாட்டு நிலையில் இப்பாடம் மிகவும் அவசியமாகின்றது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தையும் தொட்டன. பின்னர் பணவீக்கம் தணிந்தது. ஆனால் ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. குருமாணவர் மெய்யியல், இறையியல், பங்கு அனுபவம் எனப் பல ஆண்டுகள் தங்கிப் பயிலும் இல்லமே குருமடம். அரிசி, எரிவாயு, மின்சாரம், மருந்து ஆகியவற்றின் விலை உயரும்போது அதன் சுமையை அன்றே உணரும் நிறுவனம் அது. பாடவேளையைக் குறைக்கலாம், பசியைக் குறைக்க இயலாது.

நெருக்கடி இன்னொரு படிப்பினையையும் முன்வைத்தது. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அதே தொகை ரூபாவில் பெருகிற்று. மக்களின் காணிக்கையோ, அதே தொகை கிடைத்தாலும், முன்னர் வாங்கியதில் பாதியையே வாங்கிற்று. அப்படியானால் வெளிநாட்டு உதவியே நிலையான பாதுகாப்பு என்ற முடிவுக்கு வருவது இலகு. ஆனால் நம் மண்ணின் வரலாறு வேறொன்றைச் சொல்கின்றது.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, தன் காலத்தில் ஆசியாவின் சிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாக விளங்கியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. அத்தகைய கல்விக்கூடம் 1855இல் மூடப்பட்டது. பஞ்சமோ போரோ அதனை மூடவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் செயலாளர் றூபஸ் அன்டர்சனின் கொள்கையை ஒட்டியே அம்முடிவு எடுக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகங்களை நாடினர் என்பது அவர் தரப்பின் குறை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கல்லூரியின் வாழ்வும் சாவும் அதனால் பயன்பெற்ற மக்களின் கையில் இருக்கவில்லை என்பதே நாம் கருதவேண்டியது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் அவ்விழப்பை ஏற்று அமைதியாயிருக்கவில்லை. அவர்களுடைய முயற்சியின் பயனாக 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி உதயமாயிற்று. பிறர் தந்ததைப் பிறர் மூடலாம். மக்கள் தமக்கு வேண்டுமென்று உணர்ந்ததை மக்களே மீண்டும் எழுப்புவர்.

இதனால் வெளிநாட்டு உதவி தவறென்று கொள்ளலாகாது. மறைபரப்பு நாடுகளின் குருமடங்களுக்கு உதவும் புனித பேதுரு சபையின் தொடக்கத்தை நோக்குவோம். பணமின்மையால் குருமாணவரைச் சேர்க்க இயலவில்லை என்று ஜப்பானின் நாகசாகி ஆயர் எழுதிய கடிதமே அதற்கு வித்திட்டது. பிரான்சின் கான் நகரில் 1889இல் அதனைத் தொடங்கியவர்கள் ஸ்தெபானி பிகார் என்ற பெண்மணியும் அவருடைய தாயாருமாவர். ஆகவே, அந்நிய உதவி என்று நாம் அழைப்பதும் எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒதுக்கிவைத்த பிடியரிசியே. நம் வீட்டுப் பிடியரிசி எங்கே என்பதுதான் இன்றைய கேள்வி.

குருமடங்களை நிறுவப் பணித்த திரிதெந்தின் பொதுச்சங்கம், 1563லேயே அவற்றின் செலவைப் பற்றியும் தீர்மானித்தது. மறைமாவட்டத்தின் வருவாய்களிலிருந்து ஒரு பங்கைக் குருமடத்துக்கு ஒதுக்க வேண்டுமென்றும், வசதியுள்ளோர் தம் பிள்ளைகளின் செலவைத் தாமே ஏற்க, ஏழைகளின் பிள்ளைகளுக்கே முதலிடம் தரவேண்டுமென்றும் அது விதித்தது. செலவைத் தாங்க முடியவில்லை என்று ஏழை வீட்டுப் பிள்ளையைத் திருப்பியனுப்பும் நாளில், கட்டடம் நின்றாலும் குருமடம் தன் நோக்கத்தை இழந்துவிடுகின்றது. எலிசாவின் பானையில் விழுந்த காட்டுக்காயை இங்கு நினைவுகூர்வோம். பற்றாக்குறை நேரத்தில் கைக்கு வருவதெல்லாம் உணவாகிவிடாது. மாணவர் தெரிவையோ போதனையையோ தன் விருப்பத்துக்கு வளைக்க எண்ணும் கொடையும் அத்தகையதே.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், இந்த மண்ணின் மைந்தரே இதன் மறைப்பணியாளராக வேண்டுமென்ற நோக்கோடு 1893இல் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். நம் திருகோணமலை மறைமாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். அக்குருமடம் 1955இல் இந்தியாவின் பூனா நகருக்கு மாற்றப்பட, அம்பிட்டியவில் இலங்கைக்கான தேசிய குருமடம் உருவாயிற்று. 1976இல் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் புனித சவேரியார் உயர் குருமடம் தொடங்கிற்று. இதற்கு முன்பே, 1963இல், அங்கிலிக்கன், மெதடிஸ்த முதலிய சபைகள் ஒன்றிணைந்து பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரியை நிறுவியிருந்தன. அங்கு தமிழ், சிங்கள மாணவர் தத்தம் தாய்மொழியில் இறையியல் கற்று ஒரே வளாகத்தில் வாழ்கின்றனர்.

கொழும்புத்துறைக் குருமடம் ஏழாண்டுக் குழந்தையாயிருக்கையில் 1983 வந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது யாழ் நகரமே வெறிச்சோடியது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, குடாநாடு தரைவழித் தொடர்பை இழந்தது. இத்தனைக்கும் பின் அக்குருமடம் இன்றும் குருக்களை உருவாக்குகின்றது. தாமே நிவாரண வரிசையில் நின்ற மக்கள்தான் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பினர் என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் காக்கவேண்டும் என்ற வினாவுக்கு நாம் வாழும் புல்மோட்டைக் கரையே விடை தரும். 2009 மார்ச் முதல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் கடல்வழியாகக் காயமுற்றோர் இங்கு கொண்டுவரப்பட்டனர். இந்திய மருத்துவக் குழுவினர் இங்கு அவர்களுக்குச் சிகிச்சையளித்தனர். அதே வேளையில் அக்கரையில் எஞ்சிய மக்களோடு குருக்களும் துறவியரும் தங்கியிருந்தனர். இறுதிவரை மக்களோடு நின்ற அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன், போர் முடிந்த மே 18ஆம் திகதியே உயிர்நீத்தார். வெளியேற வழியிருந்தும் மக்களோடு தங்கும் மனம் ஒரு நாளில் உருவாவதன்று. மருந்தைக் கப்பலில் வரவழைக்கலாம். துயருற்றோரின் மொழியில் அவர்களோடு செபிக்கும் மேய்ப்பரைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஊட்டி வளர்த்திருக்க வேண்டும்.

அன்பிற்குரியவர்களே, பிள்ளைகளின் பாற்செலவுக்கே திண்டாடும் குடும்பங்களிடம் மேலும் கேட்பது நியாயமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினா. ஆதலால் கேட்பவர்களுக்கும் கடமைகள் உண்டு. குருமடத்தின் வரவுசெலவு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். குருமாணவரின் உணவும் வாழ்வும் அவர்களை அனுப்பிய வீடுகளின் நிலையை மிஞ்சலாகாது. காணியுள்ள இடத்தில் தோட்டம் செய்வது தாழ்வன்று. கொடுப்பவர்களுக்கோ வழிகள் பல. சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கும் நம் பாட்டிமாரின் வழக்கத்தை மீட்கலாம். ஒரு பங்கு, ஆண்டில் ஒரு வாரத்தின் உணவுச் செலவை ஏற்கலாம். மீனவர் ஒரு நாட் பாட்டில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். இறையழைத்தலை வளர்ப்பது கிறிஸ்தவ சமூகம் முழுவதற்குமுரிய கடமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது ஆயர்களுக்கு மட்டுமன்று.

பாகால் சாலிசாவின் அந்த மனிதருடைய பெயரை விவிலியம் குறிப்பிடவில்லை. அவர் இறைவாக்கினருமல்லர். பஞ்சத்திலும் முதற்பலனை ஒதுக்கிய ஒரு சாதாரண விவசாயி என்றே அவரை எண்ணத் தோன்றுகின்றது. நூறு பேருக்கு இருபது அப்பங்கள் எம்மாத்திரம் என்ற ஐயம் எலிசாவின் பணியாளருக்கு எழுந்தது, கொண்டுவந்தவருக்கு எழவில்லை. அவருடைய மனம் நமக்கும் வாய்க்க மன்றாடுவோம்.