கரிசலையும் பார்க்கட்டும் செயற்கைக்கோள்

புரட்டாசி பிறந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் ஒரே வானத்தை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஆலையில் காயப்போட்ட பட்டாசு நனைந்துவிடக் கூடாதே என்று ஒரு கவலை. விதைத்த கரிசல் நனைய வேண்டுமே என்று இன்னொரு கவலை. வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்தில் இரண்டு கவலையும் ஒரே வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆலை வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஊரோரம் இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சையும் உண்டு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட்டதற்கு வறண்ட காற்று ஒரு காரணம். புஞ்சையை நம்பி மட்டும் பிழைக்க முடியாத மக்கள் இன்னொரு காரணம்.

அந்தப் புஞ்சைக்குத்தான், இடமறிந்து தேவைக்கேற்ப அளந்து கொடுக்கும் துல்லியப் பண்ணையம் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தமிழ்நாட்டில் அந்தச் சொல் பரவியது தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில். 2004 முதல் 2007 வரை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் நடத்திய திட்டம் அது. சொட்டுநீரில் கரைத்த உரத்தை வேரடிக்கே கொண்டுபோய், தக்காளியிலும் கத்தரியிலும் நல்ல விளைச்சல் எடுத்துக் காட்டியது. நல்ல திட்டம்தான். ஆனால் கிணற்றில் தண்ணீர் இருப்பவருக்கான திட்டம். மண்வள அட்டையிலும் இதே கதை. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. மானாவாரி நிலத்தில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று போதுமாம். அதாவது, 25 ஏக்கருக்கு ஒரே கைப்பிடி மண். அதற்குள் மேட்டுச் சரளையும் வரும், பள்ளத்துக் கரிசலும் வரும். பத்துப் பன்னிரண்டு பேரின் நிலமும் வரும்.

வானத்திலிருந்து பார்க்கும் கண்ணும் நெல்லுக்குத்தான் முதலில் பழகியது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை மேகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும். தண்ணீர் கட்டிய நடவு வயலில் பட்டால் அந்த அலை விலகிப் போய்விடுவதால் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளரப் படம் வெளுக்கும். இந்த மாற்றத்தை வைத்தே எந்த ஊரில் நடவு நடந்தது, எங்கே பொய்த்தது என்று சொல்லிவிடலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து வளர்த்த இந்த முறை, 2016-17 வறட்சியில் நெல் விவசாயிகளுக்குக் காப்பீட்டு இழப்பீடு கிடைக்க உதவியது. பயிர்க் காப்பீட்டில் விளைச்சலைத் தொழில்நுட்பத்தால் கணிக்கும் ஏற்பாடு 2023இல் நாடு முழுவதற்கும் வந்தபோதும், நெல்லும் கோதுமையும்தான் முதலில் இடம்பிடித்தன.

கரிசலில் இந்த வேலை கடினம் என்பது உண்மை. அரை ஏக்கர் மக்காச்சோளம், பக்கத்தில் பருத்தி, அதற்கடுத்து உளுந்து, வரப்பு தாண்டினால் குதிரைவாலி. ரேடார் படத்தில் அரை ஏக்கர் என்பது சில புள்ளிகள்தான். பச்சையத்தை அளக்கும் சாதாரணப் படங்களோ ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் மறைந்துபோகும். மண்ணில் ஈரம் அளக்கும் உணரியைப் புதைத்தாலும், காய்ந்த கரிசல் வெடிப்பு விடும்போது உணரிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்து அளவு பிசகிவிடும். தருமபுரியில் பழகியதை அப்படியே இங்கே நட முடியாது. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இந்த மண்ணுக்கென்று தனி வழி காணத்தானே?

எல்லாவற்றையும் வானத்திலிருந்தே பார்க்க வேண்டியதுமில்லை. 2018இல் படைப்புழு மக்காச்சோளக் குருத்துக்குள் புகுந்து அழித்ததைக் கரிசல் விவசாயி மறக்கவில்லை. அந்தச் சேதம் படத்தில் தெரிவதற்குள் காரியம் கெட்டிருக்கும். காட்டில் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் அந்துப்பூச்சியை எண்ணி அன்றன்றைக்குப் பகிர்ந்தால் முன்கூட்டியே தெரியும். அதுவும் துல்லியம்தான். விழாக்களில் காட்டப்படும் மருந்தடிக்கும் ட்ரோனுக்கும் எங்கே அடிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது பறக்கும் கைத்தெளிப்பான், அவ்வளவே.

மழைமானி இன்னும் அவசரம். ஒரு ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் புழுதியைக்கூட அடக்காத மாவட்டம் விருதுநகர். நெல் தவிர்த்த பயிர்களுக்குக் காப்பீட்டு இழப்பைப் பெரும்பாலும் பல ஊர்கள் சேர்ந்த பிர்கா அளவில் கணக்கிடும்போது, காய்ந்த ஊரின் துயரம் நனைந்த ஊரின் சராசரியில் காணாமல் போகிறது. ஊருக்கொரு தானியங்கி மழைமானி இருந்தால் அந்தக் கணக்கை எதிர்த்துக் கேட்க விவசாயியின் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். அதே அளவீடு பட்டாசு காயப்போடுகிறவருக்கும் உதவும்.

சென்டினல் படங்கள் இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். எந்தப் புள்ளி எந்தப் பயிர் என்று கணினிக்குக் கற்பிக்கத் தரையில் எடுத்த விவரம் வேண்டும். 2024 இறுதியில் வேளாண் கல்லூரி மாணவர்கள் சேறு மிதித்து, சர்வே எண் வாரியாகப் பயிரைப் பதிவு செய்தார்கள். அவர்கள் தொகுத்த மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு அரசிடம் இருக்கிறது. அதை ரேடார் படத்தோடு பொருத்தி, மக்காச்சோளம், பருத்தி, உளுந்துக்கு என்று விருதுநகர் மாவட்டத்திலேயே முதல் வரைபடத்தைத் தயாரிக்க வேளாண் துறை முன்வர வேண்டும். அதைக் காப்பீட்டு நிறுவனம் பார்க்கும் அதே நாளில், அந்தந்த ஊர் விவசாயியும் தன் கைபேசியில் தமிழில் பார்க்க வழி செய்ய வேண்டும்.