‘நம்தே’ என்பது யாருடையது?

பிரேசர் டவுன் கோல்ஸ் பூங்காவில் மாலை வேளைகளில் உலாவச் செல்லும் அன்பர்கள் அறிவார்கள்: அங்குள்ள பெஞ்சுகளுள் ஒன்று நம்மவர்களுக்கே பட்டா எழுதிக் கொடுத்தாற்போல் ஆகிவிட்டது. ஆண்டின் பத்து மாதங்களில் அங்கு நடைபெறும் பேச்சு, பெண்ணுக்கு வரன், முழங்கால் வலி, குழாயில் காவேரித் தண்ணீர் வரும் நேரம் ஆகிய மூன்றையும் சுற்றியே அமையும். மார்ச்சுத் திங்கள் இறுதியில் ஐ.பி.எல். பந்தயங்கள் தொடங்கிவிட்டாலோ, வரனும் முழங்காலும் ஒருங்கே மறந்துபோகும். முந்தின இரவு யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யாருடைய தோள்வலி குணமாயிற்று, எந்த அணித் தலைவர் டாசில் வென்றும் மதியிழந்தார் என்பனவே பேச்சு. நாமும் செவி கொடுப்பதுண்டு. சில வேளை வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதும் உண்டு.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பெஞ்சில் தவறாது அமர்ந்தவர் மூவர். ஒருவர், 1974ஆம் ஆண்டு ஆரணியிலிருந்து பிழைப்புத் தேடி இவ்வூர் வந்த பெரியவர். இரண்டாமவர் மாஸ்க் ரோட்டில் கடை வைத்திருக்கும் பாய்; அவருடைய முன்னோர் ஆம்பூரை விட்டு, ‘தண்டு’ என்று அக்காலத்தார் வழங்கிய இந்தக் கன்டோன்மென்டுப் பகுதிக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. மூன்றாமவர், மதுரையிலிருந்து நான்காண்டுகளுக்கு முன் வந்த கணினித் துறை இளைஞர். இளைஞர் சென்னை அணியின் மஞ்சள் பக்தர். பாய் பெங்களூரு அணிக்காக 2008ஆம் ஆண்டு முதல் ஏங்கியவர். அவ்வணி கப் வெல்லும் நாளில் பெஞ்சுக்கே பிரியாணி போடுவதாக அன்று வாக்களித்துவிட்டு, பதினேழு ஆண்டுகளாகச் செலவின்றிக் காலம் கழித்தவர். பெரியவரோ எந்த அணியென்று வாய் திறந்து சொல்வதில்லை. சென்னை தோற்ற மறுநாள் அவர் மட்டும் இரண்டு சுற்றுக் குறைவாக நடப்பார். அதைக்கொண்டு நாம் அறிந்துகொண்டோம்.

அவ்வாண்டு மார்ச்சு 28ஆம் நாள் சேப்பாக்கத்தில் பெங்களூரு அணி 50 ஓட்டங்களில் வென்றது. சென்னையின் சொந்த மண்ணில் அவர்கள் அதற்கு முன் வென்றது 2008இல் ஒரே ஒருமுறை. மறுநாள் மாலை பாய் நேரத்தோடு வந்து பெஞ்சின் நடுவில் அமர்ந்திருந்தார். மே 3ஆம் நாள் நம் சின்னசாமி மைதானத்தில் நடந்த பந்தயம் இன்னும் கொடியது. பெங்களூரு 213, சென்னை 211. இரண்டே ஓட்டங்கள்! பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே 94 எடுத்ததைக் குறித்து மூவரும் ஒன்றுபட்டுப் புகழ்ந்தார்கள். அடுத்த ஆட்டக்காரர் பிரெவிஸ் முதற்பந்திலேயே எல்.பி.டபிள்யூ. என்று வெளியேற்றப்பட்டதில்தான் சண்டை. மறுபரிசீலனை கேட்பதற்குரிய பதினைந்து வினாடி கடந்துவிட்டதென நடுவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர்த் திரையில் பார்த்தால் பந்து விக்கெட்டைத் தொடாமல் போகிறது.

“திரையில் கடிகாரத்தையே காட்டவில்லையே, பாய்! ஆடுகிறவனுக்கு நேரம் எப்படித் தெரியும்?” என்றார் இளைஞர்.

“தம்பி, பஸ் புறப்பட்ட பிறகு டிக்கெட்டைக் காட்டினால் கண்டக்டர் நிறுத்துவாரா?” என்றார் பாய்.

நம் மனத்தில் பட்டதைச் சொல்வதானால், இளைஞர் பக்கமே நியாயம் இருந்தது. பிரியாணியின்மேல் இருந்த ஆசையால் அன்று நாம் வாளாவிருந்துவிட்டோம்.

நிற்க. இப்பத்தியை எழுதத் தூண்டியது பந்தயக் கணக்கன்று, ஒரு சொல். பெங்களூரு அணியின் அன்பர்கள் ஆண்டுதோறும் முழங்கும் ‘ஈ சலா கப் நம்தே’ என்னும் கன்னடத் தொடரை அறியாதார் இவ்வூரில் இல்லை. இம்முறை கப் நம்முடையதே என்பது பொருள். பெரியவரின் பேத்தி இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கன்னடத்தைத் தாய்மொழிபோல் பேசுபவள். சிவப்புச் சட்டை அணிந்து அதை ஓயாது முழங்குவாள். ஒரு நாள் பெரியவர் பொறுக்காமல், “அது அவங்க ஊர்க் கட்சி அம்மா, நம்ம கட்சி சென்னை” என்றாராம். அவள், “நான் பிறந்தது இந்த ஊர்தானே தாத்தா? ‘நம்தே’ன்னா நமதேன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறாள். விடை தெரியாமல் அதைப் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார்.

வினா எளிதன்று. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நமது. அவரை விலக்கிவிட்டால் எங்களது. இன்றைய கன்னடத்தில் அவ்வேறுபாடு இல்லை. ‘நாவு’ என்ற ஒரே சொல் இரண்டிற்கும் நிற்கிறது. ஆதலால், ‘நம்தே’ என்று பக்கத்து வீட்டார் முழங்கும்போது நம்மைச் சேர்த்துச் சொன்னாரா விலக்கிச் சொன்னாரா என்பது சொல்லிலிருந்து விளங்குவதில்லை. பேத்தியின் செவி அதைச் சேர்த்துக் கேட்டது. தாத்தாவின் செவி விலக்கிக் கேட்டது.

தாத்தாவின் செவியை நாம் குறை கூறமாட்டோம். 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டி இந்நகரத் தமிழர் பட்ட பாட்டை நேரிற்கண்டவர் அவர். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் இங்கே எரிந்ததையும் கண்டார். 2018இல் அதே காவிரிப் பூசலால் சென்னை அணி தன் ஊரிலேயே ஆட முடியாமல் புனேக்குப் பெயர நேர்ந்தது; அவ்வாண்டு மஞ்சட் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்தவர், பிறகு அதை வீட்டிற்குள் மட்டுமே அணிந்தார். மதுரை இளைஞர் அதே சட்டையுடன் மெட்ரோவில் ஏறிச் சின்னசாமி மைதானத்திற்கே சென்று சீட்டியடித்து வருவதைக் கேட்டு, வியப்பும் சிறிது பொறாமையும் கொண்டார். “ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையா தம்பி?” என்று மும்முறை கேட்டார். “கிண்டல் பண்ணினாங்க சார், அவ்வளவுதான்” என்றார் இளைஞர்.

ஆட்டக்காரர்களுக்கோ இத்தகைய தயக்கம் எதுவும் இல்லை. சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக் பெங்களூரு அணிக்கு ஆடினார். 2025இல் அவ்வணிக்கு மட்டையடிப் பயிற்சியும் அளித்தார். கருநாடகத்து ராபின் உத்தப்பா 2021இல் மஞ்சள் அணிந்து கப் வென்ற அணியில் இருந்தார். கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனோ, தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த தமிழ்க் குடும்பத்தின் வழிவந்தவர். முதலில் சென்னைக்கும், 2012 முதல் 2014 வரை பெங்களூருக்கும் பந்து வீசினார். ஏலத்தில் எடுத்த ஊர் அவர்களுக்கு ஊர். பெயர்களைப் பற்றியும் ஒரு சொல்: 2024 மார்ச்சில் அவ்வணி ‘பெங்களூர்’ என்பதை விட்டுப் ‘பெங்களூரு’ எனத் தன் பெயரைத் திருத்திக்கொண்டது. 1898ஆம் ஆண்டுப் பிளேகிற்குப் பின் எழுந்து, ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கிலேயரின் பெயர் பெற்ற நம் பேட்டையும் புலிகேசி நகராகி நெடுநாளாயிற்று. ஆனால் ‘பிரேசர் டவுன்’ என்றால்தான் ஆட்டோ நகர்கிறது.

இத்தகைய ஊர்ப்பற்று கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பேட்டையில் டாட்ஜர்ஸ் என்ற அணி இருந்தது. இறுதிச் சுற்றுவரை வந்து பக்கத்துப் பேட்டை யாங்கீசிடம் தோற்பது அதன் வழக்கம். 1941 முதல் 1953 வரை ஐந்து முறை அவ்வாறு தோற்றது. ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பது புரூக்ளின்வாசிகளின் ‘ஈ சலா கப் நம்தே’. 1955இல் அதே யாங்கீசை வென்று பேட்டையே ஆனந்தக் கூத்தாடியது. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அணியின் முதலாளி அதை மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய்விட்டார்! அன்பர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், அணி குடிபெயர்ந்தது. இச்செய்தியை நாம் பெஞ்சில் சொன்னபோது பெரியவர் நெடுநேரம் யோசித்து, “நம்ம கதையில் கட்சி அங்கேயே இருக்கிறது, நாம்தான் பெயர்ந்து வந்துவிட்டோம்” என்றார்.

அவ்வாண்டு சென்னை பத்தாவது, அதாவது கடைசி இடத்தில் நின்றது. அதன் வரலாற்றில் அதுவே முதன்முறை. ஆகவே ஜூன் 3ஆம் நாள் இரவு ஆமதாபாத்தில் பெங்களூரு பஞ்சாபுடன் இறுதிப் பந்தயம் ஆடியபோது, பெரியவர் யாருக்கும் துரோகம் செய்யாமல் பேத்தியின் அருகில் அமர்ந்து பார்க்க முடிந்தது. 190க்கு 184, ஆறு ஓட்டங்களில் வெற்றி. பெங்களூரு மகளிர் அணி 2024 மார்ச்சிலேயே தங்கள் கப்பைக் கொண்டுவந்துவிட்டதைப் பேத்தி அவ்வப்போது நினைவூட்டுவாள். ஆடவருக்குப் பதினெட்டாம் பருவத்தில்தான் கை கூடிற்று. பிரேசர் டவுனில் அன்றிரவு உறங்கியவர் குறைவு. நள்ளிரவு கடந்து வெடிச் சத்தத்திற்கு நடுவே பெரியவர் தம் வாயாலேயே ‘நம்தே’ என்றாராம், பேத்தி சாட்சி.

மறுநாள் சின்னசாமி மைதானத்தில் வெற்றி விழா என்ற செய்தி பரவிற்று. பேத்தி தோழியருடன் போக அனுமதி கேட்டாள். மஞ்சட் சட்டையாக இருந்தால் பெரியவர் வாசலிலேயே மறித்திருப்பார். சிவப்புதானே, ஊரார் அனைவரோடும் ஒருத்தியாகப் போகிறாள், அச்சம் ஏது என்று எண்ணி, “போய் வா அம்மா” என்றார்.

அன்று பிற்பகல் மைதானத்து வாயில்களுக்கு வெளியே நேர்ந்த நெரிசலில் பதினொருவர் மாண்டனர், பெரும்பாலோர் இளவயதினர். ஐம்பதிற்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். செய்தி வந்தபோது பேத்தியின் தொலைபேசி கிடைக்கவில்லை. பெரியவர் தெருவாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தவர், மருமகள் காப்பி கொண்டுவந்தும் தொடவில்லை. பாய் கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் சிவாஜிநகர் வரை சென்று தேடித் திரும்பினார். மதுரை இளைஞர் மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணிக்கு அவள் நடந்தே வந்து சேர்ந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. மைதானத்தை நெருங்கவே முடியாமல் கூட்டத்தில் சிக்கி, யாரோ ஓர் அம்மாள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்ததால் தப்பினாளாம். அந்த அம்மாள் என்ன மொழி பேசினாள் என்று பிறகொரு நாள் நாம் கேட்டோம். அவளுக்கு நினைவில்லை.

அதன்பின் இரண்டு மாலைகள் பெஞ்சு வெறிச்சோடிக் கிடந்தது. 7ஆம் நாள் பக்ரீத். மாலையில் பாய் பெரிய அடுக்குப் பாத்திரத்துடன் பூங்காவுக்கு வந்தார். பெரியவருக்காகச் சைவ அடுக்கு ஒன்று தனியே இருந்தது. இளைஞர் தயங்கித் தயங்கி, “பாய், இது கப்புக்கான பிரியாணியா?” என்றார்.

“இல்லை தம்பி. இது பக்ரீத்துக்கு. அது இன்னும் பாக்கி” என்றார் பாய்.

பெரியவர் தம் இலையை விரித்துக்கொண்டு, பேத்திக்கு ஒரு பொட்டலம் கட்டித் தரும்படி கேட்டார்.