கேட்டால்தானே கணக்கு வரும்!

'பார்லிமெண்ட் சமாசாரம் நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்துகிறோமே எல்.ஐ.சி. பிரீமியம், அந்தப் பணத்துக்காக அங்கே எழுந்த கேள்வியின் கதை இது.

லோக்சபா கூடும் நாட்களில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து நின்று வாயாலேயே பதில் சொல்லணும். ஒரு நாளைக்கு அப்படி 20 கேள்விதான். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எழுதி வைத்ததை யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். அடுத்து அங்கேயே கேட்கிற துணைக் கேள்வியில்தான் சாயம் வெளுக்கும்!

1957-ல் எல்.ஐ.சி. பணம் சுமார் 1¼ கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. ஏன் என்று சபையில் கேட்டார்கள். வந்த பதில் திருப்தியாக இல்லை. ஆளுங்கட்சி எம்.பி. பிரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மாப்பிள்ளை. ஆனாலும் தாட்சண்யம் பார்க்காமல் ஆதாரத்தோடு துருவினார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதி மந்திரியாக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

மளிகைக் கணக்கு பத்து ரூபாய் உதைத்தால் நாம் சும்மா விடுகிறோமா? சர்க்கார் கணக்கும் அப்படித்தான். உங்கள் எம்.பி. என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் பார்லிமெண்டின் இணையதளத்தில் இருக்கிறது. பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள். ஒன்றுமே கேட்கவில்லையா? ஒரு கடிதாசு போட்டு, கேட்கச் சொல்லுங்கள். நானும் எழுதப் போகிறேன்.