தேயிலை மலையில் ஒரு கிண்ணம் பச்சைத் தூள்

தேயிலைக்குப் பேர்போன மலைநாட்டில் நல்ல தேநீர் கிடைப்பது அரிது என்று சொன்னால் வெளிநாட்டு வாசகர்கள் நம்ப மறுப்பார்கள். மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களோ, இதிலென்ன புதினம் என்று கேட்பார்கள். உயர்ந்த ரகம் கப்பலேறும், கழித்த தூள் ஊரில் தங்கும் என்பது ஒன்றரை நூற்றாண்டாக அங்கு நிலவிவரும் எழுதாச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அண்மைக் காலத்தில் புதிய பிரிவொன்று சேர்ந்திருக்கிறது. இன்று எழுத முனைந்தது அதைப் பற்றித்தான்.

லிந்துலையில் வசிக்கும் என் நெடுநாள் நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கொழும்பில் பணிபுரியும் அவருடைய பேத்தி, நுவரெலியாவில் ஜப்பானிய உணவு விற்கும் கடையொன்று இருப்பதாகவும், ராமென், மட்சா என்பவற்றைத் தாத்தா ஒருதடவையாவது சுவைத்துப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். நான் அவரிடம் போயிருந்த சமயம் இருவருமாகப் புறப்பட்டோம். நானுஓயா ஊடாகப் பஸ் பயணம். பாதை நெடுகிலும் இருபுறமும் கொழுந்து துளிர்த்த தேயிலைச் சரிவுகள்.

ராமென் என்றால் எலும்பும் இறைச்சியும் பல மணிநேரம் கொதித்து இறங்கிய சாறுதான் அதன் உயிர். எங்கள் முன் வைக்கப்பட்டதோ, பைக்கற்றில் வரும் நூடில்ஸை வெந்நீரில் போட்டு, சூப் கட்டியைக் கரைத்து, அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து மிதக்கவிட்ட கிண்ணம். அடுத்து வந்த மட்சா கேக், பச்சையும் மஞ்சளுமற்ற மங்கிய நிறத்தில் இருந்தது. மட்சாவுக்கே உரிய இளங்கசப்பைச் சீனி விழுங்கியிருந்தது. நண்பர் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். “வீட்டுல நேத்துச் சுட்ட ரொட்டியும் சம்பலும் இதுக்கு எவ்வளவோ மேலுங்க” என்றார்.

வாய்க் கசப்பைப் போக்க ஆளுக்கொரு பிளேன்டீ கேட்டோம். பரிமாறிய இளைஞர் சற்றுத் தயங்கி, “டீபேக்தான் சேர் இருக்கு” என்றார். எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. தம்பி எந்தப் பக்கம் என்று நண்பர் விசாரித்தார். அக்கரப்பத்தனை என்றும், தாயார் இன்றும் கொழுந்து பறிக்கிறார் என்றும் அறிந்தோம்.

பில் 7,000 ரூபாயைத் தொட்டது. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் இது ஐந்து நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. 2026 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 1,750 ரூபாய் என்று 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதன்படி பார்த்தாலும் சரியாக நான்கு நாள் கூலி.

கடை சரியில்லை என்பதோடு இதை முடித்துவிடலாம். மோசமான கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பிறநாட்டு உணவு இங்கு வரக்கூடாது என்று வாதிடுவதும் என் நோக்கமல்ல. உணவுக்குக் கடவுச்சீட்டு ஏது? ராமெனே ஜப்பானில் பிறந்ததல்ல. சீனத்துக் கோதுமை நூடில்ஸ் குடியேறிகளோடு ஜப்பானுக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரிசிப் பஞ்சம் வாட்டியபோது, அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய கோதுமை மாவில் தெருவோர வண்டிக்காரர்கள் அதைச் சமைத்து விற்றார்கள். 1958இல் மொமொபுக்கு அண்டோ அதை உடனடி நூடில்ஸாக்கினார். ஏழையின் பசி தீர்த்த அந்தப் பண்டத்துக்கு 1994இல் யொக்கோஹாமாவில் ஓர் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் நமக்குப் பழக்கமான வாடை அடிக்கவில்லையா? நமது லயத்து அடுப்புகளில் வேகும் ரொட்டியும் கப்பலில் வந்த கோதுமை மாவில் பிறந்ததுதான். நெல் விளையாத மலையில், விடிவதற்கு முன் வேலைக்கு ஓடவேண்டிய பெண்கள், விரைவில் ஆகும், நேரம் சென்று பசிக்கும் என்று கண்டுகொண்ட உணவு அது. தேங்காய்ப் பூவும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து சுட்ட ரொட்டிக்கும் இடித்த சம்பலுக்கும் ஈடான காலை உணவு அந்தக் குளிருக்கு வேறில்லை. ஆயினும் விருந்தினர் வந்தால் நாம் அதை மறைக்கிறோம். ஜப்பானியர் தமது வறுமையின் உணவைக் கதையோடு உலகத்தின் முன் வைத்தார்கள். நாம் நமது உணவைக் கண்டு கூசுகிறோம்.

தேயிலை விஷயத்திலோ இந்தக் கூச்சம் பணநட்டமாகவே முடிகிறது. மட்சாவுக்குரிய செடியைப் பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாட்கள் நிழலில் வைப்பார்கள். பறித்த இலையை ஆவியில் அவித்து, உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பார்கள். ஒரு திரிகை மணிக்குச் சுமார் 40 கிராமே தரும். இந்த விபரங்களை உலகெங்கும் உள்ள இளைஞர்கள் இன்று ஒப்புவிக்கிறார்கள். ஊஜி என்ற ஊரின் பெயர் அவர்களுக்குத் தெரியும். 2024 இறுதியில் கேள்வி பெருகி, கியோட்டோவின் பழம்பெரும் கடைகள் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரையறை விதிக்க நேர்ந்தது.

லிந்துலையின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. அது இயங்கும் செயின்ட் கூம்ஸ் தோட்டம் லிந்துலைக்கு அயலிலுள்ள தலவாக்கலையில்தான் இருக்கிறது. டிம்புள்ள பிரதேசம் என்று தேயிலை வணிகம் குறிப்பிடும் மலைகள் இவை. ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட குளிர்காற்று கொழுந்துக்குத் தனி மணத்தைக் கொடுக்கும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்கு 18 கிலோ பறித்தாக வேண்டும். அட்டையும் வழுக்குப் பாறையும் குளவிக் கொட்டும் இந்தக் கணக்கில் வராதவை. சொல்வதற்கு நம்மிடமும் கதை இருக்கிறது.

1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்துக்கு ஒவ்வொரு தொழிற்சாலைத் தேயிலையும் அதற்குரிய பெயரோடுதான் செல்கிறது. ஏலம் முடிந்த பின்னரே பெரும்பகுதி கலவைகளில் கரைந்து, பிறந்த மலையின் பெயரை இழக்கிறது. நாட்டின் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது. பெயரிழந்த சரக்குக்கு விலை சொல்பவன் வாங்குபவன்தான். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் போதெல்லாம் கம்பனிகள் எடுத்து நீட்டும் வாதம் என்ன? ஏலத்தில் விலை போதாது என்பதுதானே?

மொத்தமாக வாங்கும் நாடுகள் கேட்பது மலிவான கலவையைத்தான், தோட்டப் பெயரை யார் தேடுகிறார்கள் என்று வணிகர்கள் சொல்வார்கள். தார்ஜிலிங்கைப் பாருங்கள் என்பேன். இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதற் பொருள் அது. 2004இல் பதிவானது. அங்கே தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் பெட்டியில் அச்சாகின்றன, அதற்கே விலையும் கிடைக்கிறது. இலங்கையிலும் இவ்வாறு விற்கும் தோட்டங்கள் சில உண்டு. ஆனால் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளுக்கானவை. லிந்துலைச் சந்தித் தேநீர்க்கடைக்கு அவை வருவதில்லை. பெயர் அச்சிட்டால் மட்டும் தொழிலாளியின் கைக்குப் பணம் வந்துவிடாது என்பதையும் அறிவேன். தார்ஜிலிங் தொழிலாளர் செழித்துவிடவில்லை. ஆனால் இலை என்ன விலைக்குப் போகிறது என்பதே தெரியாதவர் பங்கு கேட்பது எப்படி?

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த மக்களின் பிள்ளை ஜப்பானிய இலையின் பெயரை உணவுப் பட்டியலில் படித்துக் காட்டுகிறார். தாய் பறித்த கொழுந்து எந்தப் பெயரில் எங்கே போகிறது என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பழி அவர் மீதல்ல. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் தோட்ட நிர்வாகங்களும் சுற்றுலாத் துறையினரும் கடை முதலாளிகளும்.

டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சென்னையிலிருந்தும் நுவரெலியாவுக்குச் செல்லும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ராமென் சாப்பிடுங்கள், மட்சாவும் சாப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன்பின் ஒரு பிளேன்டீ கேளுங்கள். அது எந்தத் தோட்டத்துத் தேயிலை, எந்த மாதம் பறித்தது என்றும் கேளுங்கள். முதலில் கேட்பவருக்குப் பதில் கிடைக்காது. பத்துப் பேர் கேட்டால் முதலாளி விசாரிக்கத் தொடங்குவார். நூறு பேர் கேட்டால் லிந்துலையின் பெயர் பட்டியலில் ஏறும்.